இக்ஸி, சாதாரண ஐவிஎஃப்: கரு வளர்ச்சியை எந்தக் கணக்கில் ஒப்பிடுவது?

முதல்மேசை (கேள்வி)

வணக்கம். கருவியல் ஆய்வகத்தில் இருப்பவர்களிடம் கேட்கிறேன்.

விந்தணு அளவுகள் இயல்பாக உள்ள தம்பதிகளுக்கு, ஒரே சுழற்சியில் எடுத்த முட்டைகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பங்குக்கு இக்ஸியும் (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) மறு பங்குக்கு சாதாரண ஐவிஎஃப்பும் (முட்டையோடு விந்தணுக்களை விட்டுத் தானாகக் கருவுறச் செய்வது) செய்து ஒப்பிடுகிறோம். மறுநாள் காலை பார்த்தால் இக்ஸி பக்கம் கருவுறும் விகிதம் மேலே நிற்கிறது. ஐந்தாம் நாள் வரும்போது அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. சில சுழற்சிகளில் ஐவிஎஃப் பக்கத்திலேயே நல்ல பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்தாம் நாள் கட்டத்துக் கரு) கூடுதலாக வருகிறது. அதே சமயம் டைம்லாப்ஸில் (கரு வளர்வதைத் தொடர்ந்து படமெடுக்கும் முறையில்) ஐவிஎஃப் கருக்கள் மெதுவாக வளர்வதுபோலத் தெரிகின்றன, மென்பொருளும் அவற்றுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

ஊசி போடுவதே கருவின் வளர்ச்சியைப் பாதிக்கிறதா, அல்லது எங்கள் கணக்கில்தான் கோளாறா? இரண்டு முறைகளிலும் படிகளில் எங்கே சறுக்கினால் கரு வளர்ச்சி கெடும் என்பதையும் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வகுஎண்

கணக்கிலிருந்து தொடங்குவோம். இந்த ஒப்பீட்டில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி, எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

24 முட்டைகள் கிடைத்து 12, 12 ஆகப் பிரித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இக்ஸி பக்கம் 12ஐயும் உரித்து, அதாவது சுற்றியுள்ள செல்களை நீக்கிப் பார்த்தால் 9 மட்டுமே முதிர்ந்த எம்2 முட்டை, மீதி முதிராதவை: 2 எம்1, 1 ஜிவி. அந்த 9க்கு ஊசி போட்டு 7 கருவுற்றால் விகிதம் 78 சதவீதம். ஐவிஎஃப் பக்கம் 12ஐயும் க்யூமுலஸோடு (முட்டையைச் சுற்றியுள்ள செல் போர்வையோடு) அப்படியே விந்தணுவிடம் விட்டு 7 கருவுற்றால் விகிதம் 58 சதவீதம். அறிக்கையில் 20 புள்ளி வித்தியாசம் தெரியும், ஆனால் கையில் இருப்பது இரண்டு பக்கமும் 7 கருதான். ஐவிஎஃப்பில் முதிராத முட்டைகளும் வகுக்கும் எண்ணில் சேர்ந்துகொள்கின்றன. இக்ஸியில் அவை கணக்குக்கு வருமுன்பே கழிந்துவிடுகின்றன.

ஐவிஎஃப் ஆய்வகங்களின் செயல்திறனை அளக்க வந்த வியன்னா 2017 ஒருமித்த பரிந்துரையும் இதை மனதில் வைத்துத்தான் இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் கொடுத்தது. இக்ஸிக்கு ஊசி போட்ட எம்2 முட்டைகளில் இயல்பாகக் கருவுறுவது குறைந்தபட்சம் 65 சதவீதம், இலக்கு 80. ஐவிஎஃப்புக்கு விந்தணு சேர்த்த முட்டைகளில் குறைந்தபட்சம் 60, இலக்கு 75. இந்த இரண்டு வரிசைகளையும் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. ஒப்பிட வேண்டுமென்றால் எடுத்த முட்டை ஒவ்வொன்றுக்கும் எத்தனை 2பிஎன் (முட்டை, விந்தணு இரண்டின் உட்கருக்களும், அதாவது இரண்டு ப்ரோநியூக்ளியஸ், தெரியும் இயல்பாகக் கருவுற்ற முட்டை), எத்தனை பயன்படுத்தத் தக்க பிளாஸ்டோசிஸ்ட் என்று கணக்கிடுங்கள். நோயாளிக்குப் பொருள் தரும் எண்ணும் அதுதான்.

2பிஎன்னுக்கு எத்தனை பிளாஸ்டோசிஸ்ட் என்ற விகிதத்திலும் ஒரு சாய்வு உண்டு. அதன் அளவுகோல் குறைந்தபட்சம் 40, இலக்கு 60 சதவீதம். ஊசியைத் தாங்காத முட்டைகள் இக்ஸியில் அன்றே சிதைந்து விலகிவிடும், மீதமிருப்பவை சற்று வலுவானவை. ஐவிஎஃப்பில் விந்தணு தானாக நுழைந்து கருவாக்கும் அளவுக்கு முதிர்ந்த முட்டைகளே 2பிஎன் ஆகின்றன. இரண்டு பக்கமும் வடிகட்டல் நடக்கிறது, ஆனால் வேறு வேறு சல்லடையில். 2பிஎன்னிலிருந்து தொடங்கும் எந்த ஒப்பீடும் அந்தச் சல்லடையைப் பார்க்காமல் கடந்துவிடுகிறது.

பிரிக்கும் முறையையும் ஒருமுறை பாருங்கள். க்யூமுலஸ் நன்றாக விரிந்தவற்றை ஒரு பக்கமும் இறுக்கமாக இருப்பவற்றை மறுபக்கமும் தள்ளினால், அல்லது வலது சூலக முட்டைகள் இக்ஸிக்கு, இடது ஐவிஎஃப்புக்கு என்று பிரித்தால், ஒப்பீடு அங்கேயே முடிந்தது. எடுக்கும் வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாகப் பிரிப்பது ஓரளவு நியாயம். முன்கூட்டியே தயாரித்த சீரற்ற பட்டியல் அதைவிட நல்லது.

இனி, ஊசி போடுவது கருவைப் பாதிக்கிறதா என்ற முக்கியக் கேள்வி. விந்தணுக் குறைபாடு இல்லாதவர்களிடமும் கடுமையான குறைபாடு இல்லாதவர்களிடமும் நடந்த பெரிய சீரற்ற ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. வியட்நாமில் 1064 தம்பதிகளோடு நடந்து 2021இல் வெளியான ஆய்வில் உயிருள்ள பிறப்பு இக்ஸியில் 35 சதவீதம், ஐவிஎஃப்பில் 31. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. சீனாவில் 2387 தம்பதிகளோடு நடந்து 2024இல் வெளியானதில் இக்ஸி 33.8, ஐவிஎஃப் 36.6. டென்மார்க்கில் 824 பெண்களோடு நடந்ததில் ஒட்டுமொத்த உயிருள்ள பிறப்பு இக்ஸி 43.2, ஐவிஎஃப் 47.3. எதிலும் இக்ஸி மேலே என்று நிரூபணமாகவில்லை. திறமையான கையில் ஊசி கருவைக் கெடுப்பதாகவும் இந்த எண்கள் சொல்லவில்லை. இக்ஸியால் நடப்பது ஒன்றுதான்: விந்தணுவால் கடக்க முடியாத தடையைக் கடக்க வைக்கிறது. தடை இல்லாத இடத்தில் அதனால் கூட்டித் தர எதுவும் இல்லை. முட்டையின் தரத்தை அது மாற்றுவதும் இல்லை.

முப்பத்தேழு

வகுஎண் சொன்னதோடு உடன்படுகிறேன். ஐவிஎஃப் பக்கத்தில் என்னென்ன கெடும் என்று எழுதுகிறேன். இக்ஸி வந்த பிறகு பல இடங்களில் ஐவிஎஃப் மேசை கவனம் குறைந்த மேசையாகிவிட்டது. அப்படிச் செய்த ஐவிஎஃப்பை நன்றாகச் செய்த இக்ஸியோடு ஒப்பிட்டால் முடிவு எப்படி வரும் என்று சொல்லவே வேண்டாம்.

ட்ரிகர் ஊசி (முட்டையின் கடைசி முதிர்ச்சியைத் தூண்டுவது) போட்டு 35, 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பு. 38 முதல் 40 மணிக்குள் விந்தணு சேர்ப்பு. எடுத்தவுடன் சேர்க்க வேண்டாம், முட்டைக்கு இரண்டு மூன்று மணி நேரம் கொடுங்கள், முதிர்ச்சியின் கடைசிக் கட்டம் அப்போது முடிகிறது. நாலு குழித் தட்டில் ஒரு குழிக்கு 0.5 மில்லி ஊடகம், க்யூமுலஸோடு கூடிய நாலு முட்டைக்கு மேல் போடாதீர்கள். முன்னேறி நகரும் விந்தணு மில்லிக்கு 1 லட்சம், அதாவது குழிக்கு 50,000. எண்ணெய்க்கு அடியில் 50 மைக்ரோ லிட்டர் துளியில் தனித்தனியாக வைப்பதானால் அதே செறிவில் துளிக்கு 5,000தான் வரும், பலர் 10,000 வரை போடுவார்கள்.

பிசகு அதிகம் நடப்பது இந்த அளவைப் போடும் இடத்தில்தான். கழுவிய மாதிரியில் மில்லிக்கு 2 கோடி, அதில் 90 சதவீதம் முன்னேறி நகர்கிறது என்றால் 1.8 கோடி. 50,000 வேண்டுமென்றால் 2.8 மைக்ரோ லிட்டர். அந்த அளவைப் பிப்பெட்டில் நேரடியாக எடுத்தால் நுனியில் ஒட்டியிருப்பதே அரை மைக்ரோ லிட்டர் பிழையைக் கொண்டுவந்துவிடும். முதலில் 10 மடங்கு நீர்த்து 28 மைக்ரோ லிட்டர் சேருங்கள். நீர்க்கும் முன் குழாயை மெதுவாகக் கலக்க வேண்டும், விந்தணு அடியில் படிந்திருக்கும். மொத்த எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாமல் நகர்வதை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள், அதுவும் சேர்ப்பதற்குச் சற்று முன் எண்ணியதை. காலையில் எண்ணிய எண் மதியத்துக்குப் பொருந்தாது.

விந்தணுத் தயாரிப்பு பற்றி: 40/80 அடர்த்திப் படுகை (40, 80 சதவீதக் கரைசல் அடுக்குகள்), 300 ஜி விசையில் 15 முதல் 20 நிமிடச் சுழற்சி. படிந்ததை வேறு குழாய்க்கு மாற்றி ஒன்றிரண்டு கழுவல். தேவைப்பட்டால் அதன் மேல் நீந்தல் முறை, குழாயைச் சாய்த்து 30 முதல் 60 நிமிடம். படுகையின் மேலடுக்கை உறிஞ்சிய அதே பிப்பெட்டால் அடிப்படிவை எடுப்பது, சுற்றும் வேகத்தைக் கூட்டுவது, வெள்ளணுக்களை விட்டுவைப்பது எல்லாமே ஆக்சிஜன் ரேடிக்கல்களைக் கூட்டி விந்தணு டிஎன்ஏவைக் கெடுக்கும். அதன் விளைவு முதல் நாளில் தெரியாது. கருவின் சொந்த மரபணுக்கள் நாலு முதல் எட்டு செல் கட்டத்தில்தான் பெரிய அளவில் இயங்கத் தொடங்கும். அதனால் தந்தை வழிக் கோளாறு பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் வெளியே வரும். முதல் நாள் எண்கள் அழகாக இருந்து ஐந்தாம் நாள் சரிந்தால் படுகையையும் கழுவலையும் மறுபடி சோதியுங்கள்.

சேர்த்து வைக்கும் காலம் பழைய வழக்கப்படி இரவு முழுக்க, 16 முதல் 18 மணி நேரம். விந்தணு உண்மையில் ஓரிரு மணி நேரத்திலேயே க்யூமுலஸைக் கடந்துவிடுகிறது. மீதி நேரம் முட்டை, செத்துக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான விந்தணுக்களோடு அதே துளியில் கிடக்கிறது. அதனால் பலர் ஒன்று முதல் நாலு மணி நேரத்தில் முட்டையைக் கழுவிப் புதிய துளிக்கு மாற்றுகிறார்கள். இதில் இன்னொரு வசதியும் உண்டு, கீழே கேள்வி வந்தால் சொல்கிறேன்.

கருவுறுதல் சோதனை 17 மணியில், ஒரு மணி முன்பின் இருக்கலாம். 20 மணிக்குப் போய்ப் பார்த்தால் சில முட்டைகளில் ப்ரோநியூக்ளியஸ் மறைந்திருக்கும், கருவுறவில்லை என்று எழுதிவிடுவீர்கள். க்யூமுலஸ் கவசத்தைப் பிப்பெட்டால் நீக்கித்தான் பார்க்க வேண்டும், செல்கள் ஒட்டிக்கிடந்தால் மூன்றாவது ப்ரோநியூக்ளியஸ் கண்ணில் படாது.

அந்த மூன்றாவது பற்றி ஒன்று. ஐவிஎஃப்பில் 3பிஎன் என்றால் பெரும்பாலும் இரண்டு விந்தணு நுழைந்தது. மனிதரில் சென்ட்ரோசோம் (குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிரை அமைக்கும் உறுப்பு) விந்தணுவிலிருந்து வருவதால் இரண்டு சென்ட்ரோசோம், மும்முனைக் கதிர், முதல் பிரிவிலேயே தாறுமாறு. இக்ஸியில் 3பிஎன் என்றால் இரண்டாவது போலார் பாடி (மிகுதிக் குரோமோசோமோடு முட்டை வெளியேற்றும் சிறு செல்) வெளியேறாமல் உள்ளேயே தங்கியது. சென்ட்ரோசோம் ஒன்றுதான், அதனால் கரு ஒழுங்காகப் பிரிந்து அழகான பிளாஸ்டோசிஸ்ட் ஆகிவிடும், மூன்று தொகுதி குரோமோசோமோடு. முதல் நாள் சோதனையைத் தவறவிட்டால் ஐந்தாம் நாள் தோற்றத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 1பிஎன்னிலும் இதே மாதிரி வேறுபாடு: ஐவிஎஃப்பில் வரும் 1பிஎன்களில் கணிசமானவை தாய் தந்தை இருவர் பங்கும் உள்ளவை, இக்ஸியில் வருபவற்றில் விந்தணுப் பங்கு இல்லாமல் முட்டை மட்டும் தூண்டப்பட்டவை அதிகம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுத் தள்ளாதீர்கள்.

நுண்ணூசி

இக்ஸி பக்கம். 1992இல் பிரசெல்ஸிலிருந்து முதல் கர்ப்பங்கள் அறிவிக்கப்பட்ட காலத்திலிருந்து அடிப்படை அசைவுகள் அதிகம் மாறவில்லை, ஆனால் எங்கே முட்டை அடிபடுகிறது என்பது இப்போது நன்றாகத் தெரியும்.

உரித்தல்: ஹயலூரோனிடேஸ் (க்யூமுலஸைத் தளர்த்தும் என்சைம்) மில்லிக்கு 80 அலகு அல்லது அதற்குக் கீழ், அதில் 30 நொடிக்கு மேல் வைக்க வேண்டாம். மீதியை என்சைமுக்கு வெளியே, 170 பிறகு 140 மைக்ரான் பிப்பெட்டால் மெதுவாக. அவசரத்தில் சிறிய துளைக்கு நேராகப் போனால் முட்டை பிதுங்கும், முதல் போலார் பாடி இடம் மாறும். கதிர் போலார் பாடிக்கு அருகில் இருக்கும் என்று நம்பித்தான் அதை 6 அல்லது 12 மணித் திசையில் வைத்து 3 மணித் திசையில் குத்துகிறோம். உரிக்கும்போது போலார் பாடி நகர்ந்துவிட்டால் அந்த நம்பிக்கை பொய்யாகி ஊசி கதிர் மேலேயே போகலாம். முட்டை சிதையாது, கருவும் ஆகலாம், ஆனால் குரோமோசோம் பங்கீடு கலைந்திருக்கும். போலரைஸ்டு நுண்ணோக்கி இருந்தால் கதிரையே பார்த்துவிட்டுக் குத்துங்கள். போலார் பாடி இருந்தும் கதிர் தெரியாத முட்டை, இன்னும் டெலோபேஸில் (பிரிவின் கடைசிக் கட்டத்தில்) இருக்கக்கூடும். ஓரிரு மணி கழித்துப் பார்க்கலாம்.

விந்தணுவை அசைவு நிறுத்துவது: 7 முதல் 10 சதவீத பிவிபியில் (விந்தணுவின் வேகத்தைக் குறைக்கும் பிசுபிசுப்பான கரைசல்), வாலை நடுப்பகுதிக்குக் கீழே ஊசியால் அழுத்தி இழுக்க வேண்டும். கழுத்துப் பக்கம் நசுக்கினால் சென்ட்ரோசோம் கெடும். அழுத்துவதன் நோக்கம் நகர்வை நிறுத்துவது மட்டுமல்ல, விந்தணுவின் சவ்வு உடைந்தால்தான் பிஎல்சி ஜீட்டா என்ற புரதம் முட்டைக்குள் கசிந்து கால்சிய அலைகளைத் தொடங்கும். நகராமல் கிடக்கிறதே என்று சவ்வை உடைக்காமல் அப்படியே ஏற்றினால் முட்டை விழிக்காமல் போகலாம்.

குத்தும் தருணம்: ஊசியின் உள்விட்டம் 5 மைக்ரான் அளவு, தட்டுக்கு இணையாக, முட்டையின் நடுத்தளத்தில் இரண்டும் ஒரே கூர்மையில் தெரிய வேண்டும். ஜோனாவை (முட்டையின் வெளி உறையை) கடந்து சவ்வை நடுவைத் தாண்டித் தள்ளியபின், சைட்டோபிளாசத்தைக் கொஞ்சமாக உறிஞ்சினால் சவ்வு உடைவது தெரியும்: ஊசிக்குள் ஓட்டம் திடீரென வேகமெடுக்கும். அந்த நொடியில் உறிஞ்சலை நிறுத்தி, விந்தணுவை மிகக் குறைந்த பிவிபியோடு விட்டுவிட்டு வெளியே வாருங்கள். உறிஞ்சாமலேயே சவ்வு பட்டென்று உடையும் முட்டைகள் சிதைய அதிக வாய்ப்பு. சவ்வு உடையாமல் நீளும் முட்டைகளில் விந்தணுவை உள்ளே விட்டதாக நினைப்போம், அது சவ்வுப் பையிலேயே இருந்து ஊசியோடு வெளியே வந்து ஜோனாவுக்கும் முட்டைக்கும் இடையில் மிதக்கும். ஊசியை எடுத்தபின் குத்திய தடம் உட்பக்கம் புனல் போலக் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் சைட்டோபிளாசம் கசியும்.

சிதைவு விகிதத்துக்கும் வியன்னா அளவுகோல் இருக்கிறது: 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இலக்கு 5. அதை ஆள்வாரியாகக் கணக்கிடுங்கள். ஆய்வகச் சராசரி 6 என்று நன்றாகத் தெரியும், அதற்குள் ஒருவர் 3, இன்னொருவர் 12 ஒளிந்திருக்கலாம். பியெசோ முறையில் நுனி தட்டையான ஊசியும் அதிர்வுத் துடிப்பும் சவ்வை இழுக்காமல் உடைப்பதால் சவ்வு பலவீனமான முட்டைகளில் சிதைவு குறைகிறது. அமைத்துப் பழக நேரம் எடுக்கும்.

வெப்பம்தான் பலர் கோட்டைவிடும் இடம். மேடையின் திரை 37 காட்டும். துளிக்குள் 35.5 இருக்கலாம். மெல்லிய வெப்ப உணரியைத் தட்டில், எண்ணெய்க்கு அடியில், துளிக்குள் வைத்து அளந்து அதற்கேற்ப மேடையைக் கூட்டுங்கள். எம்2 கதிர் சில நிமிடக் குளிரிலேயே கலையத் தொடங்கும், சூடானதும் திரும்பக் கட்டிக்கொள்ளும்போது பழைய ஒழுங்கு வரும் என்று உறுதியில்லை. தட்டுக்கு நாலைந்து முட்டைக்கு மேல் ஏற்றாமல் 10 நிமிடத்துக்குள் முடியுங்கள். ஹெப்பெஸ் அல்லது மாப்ஸ் (வெளிக்காற்றில் பிஎச்சைக் காக்கும் சேர்மங்கள்) கலந்த ஊடகத்தை கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் சூடாக்க வைக்காதீர்கள், பிஎச் இறங்கிவிடும். வளர்ப்பு ஊடகத்தை வெளியே வைத்து ஊசி போட்டால் பிஎச் ஏறிவிடும். கரு வளர்ச்சியை ஊசி கெடுக்கிறது என்று எழுதப்படும் பல இடங்களில் உண்மையான காரணம் இந்த வெளிநேரம்தான். ஐவிஎஃப் முட்டை க்யூமுலஸ் போர்வையோடு இன்குபேட்டரில் நிம்மதியாக இருக்கிறது, இக்ஸி முட்டைக்கு அந்தச் சலுகை இல்லை.

முதல்மேசை

மூவருக்கும் மிக்க நன்றி. எடுத்த முட்டைக்குக் கணக்கிட்டால் வித்தியாசம் சுருங்கும் என்று புரிகிறது. இன்னும் மூன்று சந்தேகம். டைம்லாப்ஸ் தாமதம் உண்மையா? ஐவிஎஃப்பில் எதுவுமே கருவுறாமல் போகும் பயத்துக்கு என்ன செய்வது? கருவின் மரபணுச் சோதனை செய்யப்போகும் தம்பதிகளுக்கு இக்ஸி கட்டாயமா?

வகுஎண்

டைம்லாப்ஸ் தாமதம், கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதால் வருவது. இக்ஸியில் ஊசி போட்ட நேரம் பூஜ்யம், அந்த நொடியில் விந்தணு உள்ளே இருக்கிறது. ஐவிஎஃப்பில் விந்தணுவைத் துளியில் விட்ட நேரம் பூஜ்யம். அதன்பின் அது க்யூமுலஸைக் கடந்து, ஜோனாவில் ஒட்டி, துளைத்து, சவ்வில் இணைய வேண்டும். விந்தணுவின் இசுமோ1 புரதமும் முட்டையின் ஜூனோ புரதமும் பிடித்துக்கொண்ட பிறகே இணைவு. இவ்வளவும் நடக்க ஆகும் நேரம் முட்டைக்கு முட்டை மாறும். அதனால் இரண்டு செல், நாலு செல் நேரங்கள் ஐவிஎஃப்பில் ஒரு மணிக்கு மேல் பின்னால் போவது போலத் தெரியும்.

ப்ரோநியூக்ளியஸ் மறையும் நேரத்தைப் பூஜ்யமாக வைத்து மறுபடி கணக்கிடுங்கள். இக்ஸி, ஐவிஎஃப் கோடுகள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காரும். செல் சுழற்சியின் நீளங்கள், அதாவது இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நாலு செல்லுக்குப் போகும் இடைவெளிகள், தொடக்க நேரத்தைச் சார்ந்தவை அல்ல. அவற்றை நேரடியாக ஒப்பிடலாம். உங்கள் மென்பொருளின் மாதிரி இக்ஸி கருக்களை மட்டும் வைத்துக் கட்டப்பட்டதா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் ஐவிஎஃப் கருவுக்கு அது கொடுக்கும் மதிப்பெண்ணை வைத்து எந்தக் கருவை முதலில் வைப்பது என்று தீர்மானிக்கக் கூடாது.

அதோடு ஒரு உயிரியல் வேறுபாடும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இயல்பான இணைவில் விந்தணுவின் அக்ரோசோமும் (தலையின் மூடி) வெளிச்சவ்வும் வெளியிலேயே நின்றுவிடும். இக்ஸியில் எல்லாமே உள்ளே போகிறது. குரங்கு முட்டைகளில் பார்த்தபோது, இக்ஸி விந்தணுத் தலையின் அடிப்பகுதி முதலில் தளர்ந்து, மூடி இருந்த முனைப்பகுதி தாமதமாகத் தளர்வது தெரிந்தது. மனிதக் கருவில் இது ஐந்தாம் நாள் தரத்தில் தெளிவான குறைவாக மாறியதற்குப் பெரிய ஆய்வுகளில் சான்று இல்லை. ஆனால் தேவையில்லாத இடத்தில் ஊசியை எடுக்காமலிருக்க அது போதுமான காரணம் என்பது என் கருத்து.

இன்னொன்று: இக்ஸி விந்தணுத் தேர்வைக் கண்ணுக்கு விட்டுவிடுகிறது. ஹயலூரோனனில் (க்யூமுலஸில் இருக்கும் பொருள்) ஒட்டும் விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் முறையை 2772 தம்பதிகளில் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில் முழுக்கால உயிருள்ள பிறப்பு அந்த முறையில் 27.4 சதவீதம், வழக்கமான இக்ஸியில் 25.2, புள்ளியியல்படி வித்தியாசமில்லை. கருச்சிதைவு மட்டும் 4.3க்கு 7.0 என்று குறைவாக இருந்தது. அதிக விலைக்குத் தேர்வு முறைகளைக் கூட்டுவதற்கு முன் இந்த எண்களை நோயாளியிடம் சொல்வது நம் கடமை.

முப்பத்தேழு

எதுவுமே கருவுறாமல் போவது பற்றி. அந்தப் பயத்தில்தான் எல்லாருக்கும் இக்ஸி என்ற வழக்கமே பரவியது. வியட்நாம் ஆய்வில் முழுத் தோல்வி இரண்டு பக்கமும் 5, 6 சதவீதம் அளவிலேயே இருந்தது. இக்ஸி அதற்குக் காப்பீடு இல்லை. ஒன்றிரண்டு முட்டை மட்டும் உள்ளவரிடம் இக்ஸியிலும் அது நடக்கும்.

கழுவியபின் கிடைக்கும் முன்னேறி நகரும் விந்தணு மொத்தம் 10 லட்சத்துக்குக் கீழே இருந்தால் இக்ஸிக்குப் போய்விடுங்கள். அதற்குச் சற்று மேலே இருக்கும் எல்லைக்கோட்டு மாதிரிகள், முந்தைய சுழற்சியில் ஐவிஎஃப்பில் சரியாகக் கருவுறாதவர்கள், காரணம் தெரியாத குழந்தையின்மையில் முதல் சுழற்சி, இவர்களுக்குப் பாதிப் பாதி பிரிப்பது பொருத்தம். முட்டை எட்டுக்குக் கீழே என்றால் பிரிப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியவராது. உறைந்து உருகிய முட்டைக்கு இக்ஸிதான்: உறையவைக்கும் முன்பே க்யூமுலஸ் உரிக்கப்பட்டுவிட்டது, ஜோனாவும் இறுகியிருக்கலாம். விந்தகத்திலிருந்து எடுத்த விந்தணுவுக்கும் வேறு வழி இல்லை.

முன்பு சொன்ன குறுகிய சேர்ப்பின் வசதி இங்கேதான் வருகிறது. விந்தணு சேர்த்து நாலு முதல் ஆறு மணியில் முட்டையை உரித்து இரண்டாவது போலார் பாடி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில்கூட வரவில்லை என்றால் அன்றே மீட்பு இக்ஸி செய்யலாம், முட்டை இன்னும் இளமையாக இருக்கிறது. மறுநாள் காலை வரை காத்திருந்து செய்தால் முட்டை மூத்துவிடும், கதிர் தளர்ந்திருக்கும். கருவுறும், ஆனால் பிளாஸ்டோசிஸ்ட் வரை போவது குறைவு, கருப்பையின் நாட்கணக்கோடும் பொருந்தாது. உறைய வைத்துப் பின்னால் வைத்தால் அந்தப் பொருத்தமின்மையை மட்டும் சரிசெய்யலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. முதல் போலார் பாடி இரண்டாக உடைந்திருந்தால் அதை இரண்டாவது என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். மறுபுறம், இரண்டாவது வெளியேறத் தாமதமாகும் முட்டையைக் கருவுறாதது என்று எண்ணி ஊசி போட்டால் உள்ளே ஏற்கெனவே ஒரு விந்தணு இருக்கும், நீங்களே 3பிஎன்னை உருவாக்கிவிடுவீர்கள். அதனால் தனி முட்டையை வைத்து முடிவெடுக்காதீர்கள். முட்டைகளில் ஒரு பகுதியில் தெளிவாக இரண்டாவது போலார் பாடி தெரிந்தால் மற்றவற்றையும் விட்டுவிடுங்கள், எங்கும் தெரியாவிட்டால் மட்டும் மீட்பு.

நுண்ணூசி

மரபணுச் சோதனைக்கு: ஒற்றை மரபணு நோய்க்குச் செய்யும் சோதனையில் இக்ஸியையே தொடருங்கள். அங்கே ஜோனாவில் ஒட்டிய ஒரு விந்தணு டிஎன்ஏ பெருக்கப்பட்டாலும் தவறான முடிவு வரலாம், அந்த ஆபத்தை ஏற்க முடியாது. குரோமோசோம் எண்ணிக்கை பார்க்கும் சோதனையில் நிலைமை வேறு. விந்தணு டிஎன்ஏ புரோட்டமின் என்ற புரதத்தால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது, வழக்கமாகப் பயன்படுத்தும் பெருக்கக் கரைசல் அந்தக் கட்டை அவிழ்ப்பதில்லை. அதனால் ஐவிஎஃப்பில் உருவான கருவிலும் நம்பத்தக்க முடிவு கிடைக்கிறது. க்யூமுலஸ் செல்தான் அதைவிடப் பெரிய தொல்லை, அதன் டிஎன்ஏ தாயுடையது, எளிதாகப் பெருகும். இக்ஸி செய்தோம் என்பதால் அது தானாக நீங்கிவிடாது. பயாப்சிக்கு (சோதனைக்காகக் கருவிலிருந்து செல் எடுப்பதற்கு) முன் ஜோனாவைச் சுற்றிப் பார்த்து ஒட்டியிருக்கும் ஒவ்வொரு செல்லையும் நீக்குங்கள், பயாப்சித் துளியைக் கருவுக்குக் கரு மாற்றுங்கள்.

இக்ஸி செய்தும் கருவுறாதபோது உடனே ஐயனோபோருக்கு (முட்டைக்குள் கால்சியத்தைக் கூட்டி அதை விழிக்கவைக்கும் ரசாயனம்) தாவாதீர்கள். கருவுறாத முட்டைகளை மறுநாள் பார்த்து, விந்தணு உள்ளே இருக்கிறதா, ஜோனா இடைவெளியில் கிடக்கிறதா என்று முதலில் பிரித்தறியுங்கள். இடைவெளியில் கிடந்தால் பிழை கையில், ரசாயனம் அதைச் சரிசெய்யாது. உள்ளே இருந்தும் முட்டை விழிக்கவில்லை என்றால், குறிப்பாக அக்ரோசோம் இல்லாத உருண்டைத் தலை விந்தணுவில், பிஎல்சி ஜீட்டா குறைவு என்று கருதலாம். அப்போது அடுத்த சுழற்சியில் ஊசிக்குப் பின் ஏ23187 கால்சியம் ஐயனோபோரில் 10 முதல் 15 நிமிடம் வைத்து நன்றாகக் கழுவுவது பொருத்தமான சிகிச்சை. இந்தப் பிரிவினருக்கு வெளியே அதை வழக்கமாக்க நியாயமில்லை.

ஒய் குரோமோசோமின் ஏஇசட்எஃப்சி பகுதி (விந்தணு உற்பத்திக்குத் தேவையானது) இழந்த ஆண்களுக்கு இக்ஸி செய்யும்போது, பிறக்கும் மகனுக்கும் அதே இழப்பு போகும் என்பதை முட்டை எடுப்புக்கு முன்பே, சம்மதப் படிவத்தோடு சொல்ல வேண்டும். கருவின் தரத்தில் அது தெரியாது, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் குறையே இல்லாமல் இருக்கும்.

உங்கள் பிரிப்புப் பதிவேட்டில் நான்கு பத்திகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்: உரிக்கும்போது எம்2 எத்தனை, ஊசி போட்டவர் யார், தட்டு இன்குபேட்டருக்கு வெளியே இருந்த நிமிடங்கள், ஐவிஎஃப் குழியில் உண்மையில் போட்ட முன்னேறி நகரும் விந்தணு எண்ணிக்கை. இவை இருந்தால் அடுத்த முறை வித்தியாசம் வரும்போது எந்தப் படியிலிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்கலாம்.